பெரட்டு நேரத்து மனம்

ஜூன் 4, ஹட்டன், இலங்கை மலையகம்
உளநல கிளினிக் நாள். (வந்தவர்களின் அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.) உடம்பு வலிக்கு மாத்திரை கேட்டு வந்தார் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர். பேசப் பேச மற்றவை வெளியே வந்தன. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, கிளம்பும் நேரத்தில்தான் மனம் மிக மோசம். பொழுது சாயும்போது சற்று இலேசாகிறது. பேரன் பிறந்த செய்திகூட உள்ளே இறங்கவில்லையாம். கறை படிந்த விரலில் சேலைத் தலைப்பைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். ரவிக்கை தொளதொளத்தது. “எல்லாம் என் குற்றம்தான் பிள்ளை” என்றார். மனச்சோர்வில் மெலங்கோலிக் வகை, எந்த நல்ல செய்தியும் மனதைத் தொடாத, காலையில் கூடும் சோர்வு என்றார் மருத்துவர். மருந்து தொடங்கியாயிற்று.

ஜூன் 6
கொழும்புக் கடை வேலையை விட்டு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) திரும்பிய இளைஞன். பகலிலும் தூக்கம், அடங்காத பசி, கைகால் ஈயமாகக் கனக்கிறது. நண்பர்கள் வந்தால் முகம் மலர்கிறது. யாராவது ஒரு சொல் கடிந்தால் நாள் முழுக்க எழுவதில்லை. சிரிக்கிறவனுக்கு என்ன நோய் என்கிறார் தகப்பன். இதுவும் மனச்சோர்வுதான் ஐயா! ஏடிபிக்கல், அதாவது வழக்கத்துக்கு மாறானது, என்று பெயர் இருந்தாலும் அரிதானதல்ல. முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாத அளவுக்கு உற்சாகம் பொங்கியதுண்டா என்று மருத்துவர் துருவிக் கேட்டார். மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறாக இருந்தால் மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுப்பது ஆபத்து.

ஜூன் 11
புதிய தொண்டர்களுக்கு வகுப்பு. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தில் மொத்தம் 27 புள்ளிகள். 10 என்றால் மிதமானது, 20 அல்லது அதற்கு மேல் கடுமையானது. அது நோயின் கனத்தைச் சொல்லும், வகையைச் சொல்லாது. சாவைப் பற்றிய ஒன்பதாம் கேள்விக்குப் புள்ளி விழுந்தால், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றே பேச வேண்டும். இரண்டு வருடங்களுக்கு மேல் மங்கலாகவே நீடிக்கும் மனச்சோர்வும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் தினமும் வேலைக்குப் போகிறார்கள், “அவள் சுபாவமே அப்படி” என்று ஊர் முடித்துவிடுகிறது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

ஜூன் 14
அந்த அம்மாவை மகள் அழைத்து வந்தாள். தன் பாவத்தால்தான் மலை சரியப் போகிறது என்று குரல் கேட்கிறதாம். மனச்சோர்வோடு மனமயக்கமும் (இல்லாததைக் கேட்பதும் நம்புவதும்) சேர்ந்துவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. மனமயக்க மருந்தும் சேர்க்க வேண்டும், மின்னதிர்வுச் சிகிச்சையும் தேவைப்படலாம். அதற்குப் பயப்பட வேண்டாம், மயக்க மருந்து கொடுத்தே செய்வார்கள் என்று மகளிடம் விளக்கினேன். உளநல உதவிக்கான 1926 என்ற எண்ணைக் கைபேசியில் பதிந்துகொண்டாள். காம்பராவின் (லயத்து அறை) பின்னால் இருக்கும் களைகொல்லிப் போத்தலை இன்றே அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன்.