தாமதக்காரர் வரிசை

ஜூலை 7, 2025, திங்கள்
இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் விடியும் முன்னே பிடித்த மழை இன்னும் விடவில்லை. காலைக் கூட்டத்தில் வழக்கம்போல் தாமதமாக வந்தவர்கள் கொடிக்கம்பத்தடியில் வரிசையாக நின்றார்கள். பதினொரு பேர். தரம் 7 பிள்ளை ஒருத்தியின் வெள்ளைக் காலுறையில் இரத்தம் பரவியிருந்தது. குனிந்து அட்டையைப் பிடுங்கினாள். பின்னாலிருந்து ஒரு பையன் "அட்டை வந்துவிட்டது!" என்றான். பாடசாலையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை எழுதத்தான் இன்று பேனாவை எடுத்தேன்.

ஜூலை 9, புதன்
பெரிய டிமைத் தாளில் பாடசாலையின் வரைபடத்தைக் கீறி, தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளிடம் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம்; போகப் பிடிக்காத இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தால் போதும்.

மலசலகூடத்தின் பின்புறம், தண்ணீர்க்குழாயடி எல்லாம் நான் எதிர்பார்த்தவைதான். இடைவேளையில் அங்கே ஓர் ஆசிரியர் நின்றாலே பாதித் தொல்லை தீரும். தாளின் ஓரத்தில் யாரோ பஸ்ஸை வரைந்து கடைசி ஆசனத்தில் புள்ளி வைத்திருந்தார்கள். ஆனால் அதிகப் புள்ளிகள் விழுந்த இடத்தை நான் வரையவே இல்லை. கொடிக்கம்பத்தை ஒரு பிள்ளை தானாகக் கீறியிருந்தது. அதைச் சுற்றி அம்மை போட்டதுபோல் சிவப்பு.

ஜூலை 10, வியாழன்
போயா, பௌர்ணமி விடுமுறை. துணி காயவில்லை, மனமும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

எங்கள் பாடசாலையில் பிரம்பு இல்லை என்று பெருமை பேசுவோம். ஒழுக்கம் பற்றிய கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை கோப்பில் பத்திரமாக இருக்கிறது. ஆசிரியர் அறைந்ததில் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவனுக்கு நட்டஈடு வழங்கும்படி 2021 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஆசிரியர் அறையில் எல்லோரும் தலையாட்டினோம். அறைந்தால் அடையாளம் இருக்கிறது. வைத்தியர் எழுதித் தருவார். பட்டப்பெயருக்கு யார் எழுதித் தருவது? நகரத்துப் பாடசாலையில் தோட்டத்துப் பிள்ளையான என்னைத் "தோட்டக்காட்டாள்" என்று இழிவாகக் கூப்பிட்டவரின் கைக்கடிகாரப் பட்டி என்ன நிறம் என்றுகூட எனக்கு இன்றும் தெரியும்.

ஜூலை 14, திங்கள்
அதிபரிடம் வரைபடத்தைக் காட்டினேன். "வரிசையை எடுத்துவிட்டால் நாளைக்குப் பாதிப் பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்குத்தான் வரும், டீச்சர்" என்றார். நியாயமில்லாத பயம் என்று சொல்லமாட்டேன்.

வரவுப் பதிவேட்டை விரித்தேன். அந்தப் பதினொரு பேரில் ஒன்பது பேர் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் பிள்ளைகள். அம்மா காலையிலேயே பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போய்விடுவார். தம்பி தங்கையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, தேயிலைக்கு நடுவே குறுக்குப்பாதையில் இறங்கி வந்தால் ஏழரை மணிக்கு எப்படிச் சேர்வது? "இதை ஏன் முன்னமே சொல்லவில்லை?" என்றார். எனக்கும் சனிக்கிழமைதான் தெரியும், சேர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்க் கேட்டேன்.

இரண்டு வாரம் பார்ப்போம் என்றார். தாமதமாக வருபவர்கள் நூலகப் பக்கமாக வந்து பெயர் எழுதிவிட்டு வகுப்புக்குப் போகலாம். பதிவேடு என் பொறுப்பு.

ஜூலை 16, புதன்
தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 உதவித் தொலைபேசி இலக்கம் அச்சிட்ட தாள் அலுவலக அலுமாரிக்குப் பின்னால் தொங்கியது, பிள்ளைகள் எட்டிப் பார்க்காத இடத்தில். கழற்றிக் குழாயடிக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினேன்.

"அட்டை" என்று கத்திய பையனைத் தனியே கூப்பிட்டுப் பேசினேன். "எல்லோரும்தானே சொல்கிறார்கள், டீச்சர்" என்றான். கொஞ்சம் நின்று, "நீங்களும் சிரித்தீர்கள்."
"சிரித்தேன். அது பிழை" என்றேன். அவன் திட்டு வாங்கத் தயாராக நின்றிருந்தான். இதற்கு எப்படி நிற்பது என்று தெரியாமல் சப்பாத்தால் தரையைத் தேய்த்தான்.

அந்தப் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, டீச்சர்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு ஓடினாள். பரவாயில்லை என்ற முகமாக அது இல்லை.

ஜூலை 18, வெள்ளி
அந்தத் தரம் 7 பிள்ளை 7.50க்கு வந்து பெயர் எழுதினாள். காலுறையின் விளிம்பில் சவர்க்காரம் வெள்ளையாகத் தடவியிருந்தது. அட்டைக்கு அம்மா பூசிவிட்டாராம். இம்முறை தானாகச் சொன்னாள்.

இடைவேளையில் அதிபர் பதிவேட்டைப் புரட்டினார். "பதினான்கு பேர், டீச்சர். கூடியிருக்கிறது."
"மழை, சேர்" என்றேன்.
"அடுத்த வெள்ளியும் எண்ணுவோம்" என்று மூடி வைத்தார்.