கை வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

என் சித்தி மகள் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். கொஞ்ச நாள் பேசிப் பழகிய ஒருவன், அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடவில்லை. பஸ் இறங்கும் இடத்தில் வந்து நிற்பான். பிளாக் செய்தால் வேறு நம்பரில் வருவான். தீபாவளிக்கு வீட்டுக் கேட்டில் ஒரு பையை மாட்டிவிட்டுப் போனான். உள்ளே வளையலும் கடிதமும். வீட்டுப் பெரியவர்கள், "மேல கை வைக்கலையே, விடும்மா" என்றார்கள். அந்தப் பேச்சுதான் எனக்குத் தாங்கவில்லை.

கை வைக்க வேண்டியதே இல்லை. 2023 மே 31 முதல் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 507ஏ பிரிவு நடப்பில் இருக்கிறது. பின்னாலேயே வருவது, எந்த வழியிலாவது தொடர்புகொள்ளப் பார்ப்பது, வீட்டருகிலோ வேலையிடத்திலோ சுற்றிக்கொண்டிருப்பது, பொருள் அனுப்புவது எல்லாமே தொல்லைதான். குறைந்தது இரண்டு தடவை நடந்து, அவள் தன் பாதுகாப்பை நினைத்துக் கலங்குவாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றாலே குற்றம். மூன்றாண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். அந்த வளையல் பையும் கணக்கில் வரும்.

முன்னாள் கணவர் என்றால் 1994 குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அதில் சமூகநல அதிகாரியே ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம். பழகிய பையனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவனைத் தள்ளி நிறுத்தும் உத்தரவு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 98ஏ பிரிவின் கீழ், போலீஸ் விசாரணை நடக்கும்போது மாஜிஸ்திரேட்டிடமிருந்து வர வேண்டும். அதனால் நாம் கொடுக்கும் போலீஸ் ரிப்போர்ட்டில்தான் எல்லாம் இருக்கிறது.

ஸ்டேஷனில் எங்களிடம் முதலில் கேட்டது, "அடிச்சானா?" நான் பிரிவு எண்ணைச் சொன்னேன். அப்புறம் பேச்சு மாறியது.

நம் பெண்கள் ரிப்போர்ட்டில் "தொந்தரவு செய்கிறான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி வேண்டாம். ஒவ்வொரு சம்பவத்தையும் தேதி, நேரம், இடத்தோடு தனித்தனியாக எழுதுங்கள். என்றைக்கு வேண்டாம் என்று சொன்னீர்கள் என்பதும் வேண்டும். பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்றே எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வாட்சாப் செய்திகளை அழிக்காதீர்கள். நம்பரும் தேதியும் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். அடுக்குமாடி என்றால் கேமராப் பதிவை நிர்வாகத்திடம் உடனே கேளுங்கள், நாளானால் அழிந்துவிடும். விசாரணை அதிகாரியின் பெயரை வாங்கிக்கொண்டு, பாதுகாப்பு உத்தரவு வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999-ஐக் கூப்பிடலாம். பினாங்கில் இருந்தால் டபிள்யூசிசி என்ற பெண்கள் மையத்திலும் உதவி கேட்கலாம். உத்தரவு கிடைத்ததும் ஒரு நகலை வேலையிடத்துப் பாதுகாவலரிடம் கொடுத்து, அவன் முகத்தையும் காட்டிவிடுங்கள்.