நேரில் பார்க்காமல் வாங்கிய மோட்டார் ஹோம்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 4, 2025

அந்த விளம்பரத்தை இன்று மறுபடியும் எடுத்துப் படித்தேன். 2011ஆம் ஆண்டு பதிவான மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி), நான்கு பேர் படுக்கலாம், ஓடிய தூரம் 62,000 கிலோமீட்டர், ஒரே உரிமையாளர். வண்டி நிற்கும் ஊர் இங்கிருந்து ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து நானும் மனைவியும் பேசிப் பேசி வைத்திருக்கும் பயணங்களுக்கு இப்படி ஒரு வண்டியைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். இதே வயதுள்ள மற்ற வண்டிகளைவிட விலை சற்றுக் குறைவு. ஏன் குறைவு என்ற கேள்வி எழாமல் இல்லை. ஆனாலும் மனம் அந்த வண்டியைச் சுற்றியே வருகிறது.

காரை வாங்குவதுபோல் இதை வாங்க முடியாது என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். சரக்கு வேனின் அடிச்சட்டத்தின்மேல் வேறொரு நிறுவனம் கட்டிய வீடு இதில் உட்கார்ந்திருக்கிறது. வண்டிக்கு ஓடோமீட்டர் உண்டு, சர்வீஸ் புத்தகம் உண்டு. வீட்டுக்கு இரண்டும் இல்லை. 14 ஆண்டுகளில் 62,000 என்றால் ஆண்டுக்கு 4,500 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அது இன்ஜினுக்கு நல்ல செய்தியாகத் தோன்றினாலும், வீட்டுப் பகுதி பெரும்பாலான நாட்கள் வெயிலிலும் மழையிலும் நின்றபடியே வயதாகியிருக்கிறது என்றும் அதற்குப் பொருள்.

மார்ச் 6

விற்பவர் அனுப்பிய 23 படங்களையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்புறம், பக்கவாட்டு, அடுப்பு மேடை, படுக்கை எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. இரண்டாவது சுற்றில், படத்தில் எவை இல்லை என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். கூரையை மேலிருந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அலமாரிகளின் உட்புறமும் வண்டியின் அடிப்பாகமும் இல்லை. பின்பக்க இடது மூலை வரும் இரண்டு படங்களிலும் தலையணைகள் அங்கே உயரமாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

மூலையைப் பற்றி நான் இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வயதுள்ள வண்டிகள் பலவற்றில் சுவர் என்பது மெல்லிய மரச்சட்டங்களும் அவற்றிடையே வெப்பத்தடுப்பு நுரையும், வெளியே அலுமினியமோ கண்ணாடி இழையோ, உள்ளே பூத்தாள் ஒட்டிய பிளைவுட்டும் சேர்ந்த ஓர் அடுக்கு. கூரையும் சுவரும் கூடும் விளிம்பு, ஜன்னல் சட்டம், கூரை ஜன்னல், பின்விளக்கு என்று ஓட்டை போட்ட ஒவ்வோர் இடத்திலும் தண்ணீரைத் தடுப்பது சீலண்ட் பசை மட்டுமே. ஓடும்போது வண்டியின் உடல் முறுக்கிக் குலுங்குவதாலும் வெயிலாலும் அந்தப் பசை ஆண்டுகள் போகப் போக இறுகி வெடிக்கிறது. மயிரிழை இடைவெளி போதும், மழை உள்ளே நுழைந்து மரத்தில் தங்கிவிடும். உள்பக்கப் பூத்தாளில் கறையோ கொப்புளமோ தெரிவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். ஆகவே படத்தில் சுவர் நன்றாக இருக்கிறது என்பது மரமும் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

மார்ச் 9

கேட்ட படங்களில் பாதி வந்தன. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன்; 3516 என்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர், அதாவது எட்டரை வயது. டயரின் மேற்பரப்பில் உள்ள பட்டன் ஆழமாக இருப்பதால் புதிது என்று விற்பவர் நினைக்கிறார். ஆனால் அதிகம் ஓடாத வண்டியில் டயர் தேய்ந்து கெடுவதில்லை; எடையைத் தாங்கியபடி ஒரே இடத்தில் நின்று ரப்பர் உலர்ந்து வெடித்துத்தான் கெடுகிறது. இன்ஜின் பாகங்களை ஒத்திசைவாகச் சுழற்றும் டைமிங் பெல்ட்டும் அப்படியே. தூரம் ஆகாவிட்டாலும் ஆண்டுக்கணக்கு வந்தால் மாற்ற வேண்டும், அது மாற்றப்பட்டதற்கான ரசீது எதுவும் வரவில்லை.

மார்ச் 11

ஆவணங்கள் சரிபார்ப்பில் இன்று முழுநாளும் போயிற்று. இந்தப் பகுதியில் எனக்கு நிறைவு. சேஸிஸ் எண்ணை விற்பவர் தட்டச்சு செய்து அனுப்பியதில் ஆங்கில எழுத்து 'ஓ' ஒன்று இருந்தது. 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அந்த வரிசையில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளும் வருவதில்லை, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்பதற்காகவே விலக்கியிருக்கிறார்கள். தகட்டின் படத்தைக் கேட்டு வாங்கினேன். அது பூஜ்யம்தான், மற்ற எல்லாம் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றன. வண்டியின்மீது கடன் பாக்கி இல்லை, திருட்டுப் புகார் இல்லை, பதிவில் உள்ள பெயரும் பணம் கேட்கும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றே. வேறொருவருடைய வண்டியின் படங்களை எடுத்துத் தங்களுடையது என்று காட்டி, போக்குவரத்து ஏற்பாட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், முதலில் பணத்தை அனுப்புங்கள் என்று கேட்கும் மோசடிக்காரர்கள் இந்தச் சந்தையில் நிறைய. இவர் அப்படிப்பட்டவர் அல்ல என்பது உறுதியாயிற்று.

அடிச்சட்டம் 2010இல் செய்யப்பட்டது, வீடு கட்டிப் பதிவானது 2011இல். இது வழக்கமானதுதான், ஆனால் உதிரி பாகம் வாங்கும்போது எந்த ஆண்டைச் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 13

காணொளி அழைப்பில் வண்டியைக் காட்டினார். நேர்மையானவராகத்தான் பேசுகிறார். குளிர்ந்த இன்ஜினைத் தொடங்குவதைப் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தும், அழைப்பு வந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரிக்கு நல்லது என்று அப்போதுதான் போட்டாராம். தொடங்கும் முதல் நிமிடத்தின் புகையும் ஓசையும் எனக்குக் கிடைக்காமல் போயிற்று. பின் ஜன்னலுக்குக் கீழே சுவரைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டுங்கள் என்றேன். அவர் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டி, "கேட்டீர்களா, கல்லு மாதிரி" என்றார். செல்பேசியில் எல்லா ஒலியும் ஒன்றுபோலத்தான் வருகிறது.

ஜன்னல்கள் அனைத்தும் திறந்திருந்தன. வண்டிக்குள் என்ன வாசனை என்று கேட்க நினைத்து, அது மரியாதைக்குறைவாகத் தோன்றவே விட்டுவிட்டேன்.

மார்ச் 15

அந்தப் பகுதியில் மோட்டார் ஹோம்களைப் பரிசோதித்து அறிக்கை தரும் ஒருவரைப் பிடித்துவிட்டேன். அவருக்குப் பத்து நாள் கழித்துத்தான் நேரம் இருக்கிறது. மாலையில் விற்பவர் அழைத்து, வேறொருவர் ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார். மனைவி, "வந்து பார்க்கிறவர் வாங்கட்டுமே, நாம் பத்து நாள் பொறுப்போம்" என்றாள். நான் பொறுக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு முழுத் தொகையையும் அனுப்பிவிட்டேன். முன்பணம் மட்டும் கொடுத்து, பரிசோதனை அறிக்கை திருப்தியாக இருந்தால்தான் மீதி என்று எழுதி வாங்கியிருக்கலாம். அதை நான் கேட்கவே இல்லை.

மார்ச் 22

வண்டி நிற்கும் ஊருக்குப் போய்க் கதவைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மழைக்காலத்தில் பல நாள் பூட்டிக் கிடந்த மர பீரோவைத் திறந்தால் வருமே, அந்தப் புழுக்க வாடை. அதன்மேல் அப்போதுதான் அடித்த வாசனைத் திரவியம். தலையணைகளை எடுத்துவிட்டுப் பின்பக்க இடது மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று. எடுத்த பிறகும் பூத்தாளில் அந்தக் குழி அப்படியே நின்றது. நான் திரும்பி விற்பவரைப் பார்த்தபோது அவர் முகத்தில் தெரிந்தது கள்ளம் அல்ல, என்னுடையதைப் போன்ற அதிர்ச்சிதான் என்றே இன்னமும் நம்புகிறேன். அந்த மூலையை அவரும் பல ஆண்டுகளாகத் தொட்டுப் பார்த்ததில்லை.

பணம் கைமாறி ஒரு வாரம் ஆகிவிட்டது. பேச்சு அதிகம் நடக்கவில்லை. ஓட்டிக்கொண்டு கிளம்பினோம்.

மார்ச் 24

வீடு வந்து சேர்ந்தோம். நெடுநாள் நின்றதால் பின்சக்கரம் ஒன்றில் பிரேக் பிடித்தபடியே இருந்து, வழியில் சூடாகி, ஒரு பட்டறையில் அரைநாள் நின்றோம். இன்ஜின் நன்றாக ஓடுகிறது.

மார்ச் 27

மைத்துனன் தச்சு வேலை அறிந்தவன், ஈரமானியோடு வந்தான். இரண்டு ஊசி முனைகளைச் சுவரில் பதித்தால் மரத்தின் ஈரம் விழுக்காட்டில் தெரியும். 15 வரை கவலைப்பட வேண்டியதில்லை, 20க்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும், 30ஐத் தாண்டினால் உள்ளே மரமே இற்றிருக்கக்கூடும் என்பது இந்த வேலை செய்பவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. முன்புறம் 12, 13. கதவுப் பக்கம் 14. நடுவில் கூரை ஜன்னலைச் சுற்றி 22. பின் மூலையை நெருங்க நெருங்க எண் ஏறிக்கொண்டே போய், தலையணைகள் இருந்த இடத்தில் 38இல் நின்றது. "அத்தான், இது நேற்று வந்த ஈரம் இல்லை" என்றான்.

ஏணி போட்டுக் கூரையில் ஏறினோம். படத்தில் இல்லாத கூரை. மேல்விளிம்பு முழுவதும் பழைய சீலண்டின்மேல் சிலிக்கோன் பசையைக் கொழகொழவென்று யாரோ பூசியிருக்கிறார்கள். ஒழுகுவது தெரிந்து செய்த ஒட்டுவேலை அது. சிலிக்கோன் பட்ட இடத்தில் வேறு எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. முழுவதையும் சுரண்டி எடுத்தால்தான் மேற்கொண்டு எதையும் செய்ய முடியும்.

ஏப்ரல் 2

மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். ஃபிரிட்ஜ் கேஸில் எரிகிறது, ஆனால் எட்டு மணி நேரம் ஆகியும் குளிரவில்லை. கம்ப்ரசர் இல்லாமல் அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிரவைக்கும் வகை இது. பின்புறக் குழாய்களில் மஞ்சள் பொடி படிந்து, மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறது. அம்மோனியா கசிந்துவிட்டால் பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே வழி. காணொளியில் ஃபிரிட்ஜின் பச்சை விளக்கு எரிவதைக் காட்டினார். விளக்கு இப்போதும் எரிகிறது. வீட்டுப் பகுதியின் பேட்டரி முழுதாக ஏற்றி ஓர் இரவு விட்ட பிறகு 12.1 வோல்ட் காட்டியது; நல்ல ஈய அமில பேட்டரி என்றால் 12.6க்கு மேல் நிற்க வேண்டும்.

எடை மேடைக்கும் கொண்டுபோனோம். இதை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை என்று வருந்துகிறேன். வண்டிக்கு அனுமதித்த உச்ச எடை 3,500 கிலோ. தண்ணீரும் சாமான்களும் இல்லாமல், நான் மட்டும் உட்கார்ந்த நிலையில் 3,240. மீதம் 260 கிலோ. நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அதிலேயே 100 கிலோ போய்விடும். மனைவி, துணிமணி, பாத்திரம், நாற்காலி எல்லாவற்றையும் கூட்டினால் எல்லையைத் தொட்டுவிடுவோம். நான்கு பேர் படுக்கலாம் என்ற விளம்பரம் உண்மைதான், ஆனால் நான்கு பேரோடும் தண்ணீர், சாமான்களோடும் சட்டப்படி சாலையில் போக முடியாது. வெயில் மறைப்பு, சூரியத் தகடு, இரண்டாவது பேட்டரி, சைக்கிள் தாங்கி என்று விற்றவர் சேர்த்த ஒவ்வொன்றும் விளம்பரத்தில் கூடுதல் வசதியாக எழுதப்பட்டிருந்தது.

ஏப்ரல் 6

சுவரைத் திறந்தோம். பிளைவுட்டை நெம்புகோலால் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை, ஈரமான அட்டைபோல் கையோடு வந்தது. உள்ளே சட்டங்கள் கறுத்து, விரலால் கிள்ளினால் காப்பித்தூள்போல் உதிர்ந்தன. கூரை விளிம்பைப் பிடித்திருந்த திருகாணி ஒன்றை மைத்துனன் இரண்டு விரலால் இழுத்தான். துருப்பிடித்த ஆணி, பிடிப்பே இல்லாமல் வெளியே வந்தது. அந்த மூலை அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் எதைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று புரியவில்லை. நெடுஞ்சாலையில் பின்னால் வந்தவர்களை நினைத்தபோது எனக்கு உடல் நடுங்கியது.

ஏப்ரல் 9

விற்பவருக்குப் படங்களை அனுப்பினேன். வருந்தினார், இருக்கும் நிலையில் விற்றது என்று ரசீதில் இருப்பதையும் நினைவூட்டினார். வியாபாரியிடம் வாங்குபவருக்குப் பல நாடுகளில் இருக்கும் சட்டப் பாதுகாப்பு தனிநபரிடம் வாங்குபவருக்கு அந்த அளவுக்கு இல்லை. தெரிந்தே மறைத்தார் என்று நான் நிறுவ வேண்டும்; அந்தச் சிலிக்கோனைப் பூசியது அவரா, அவர் அமர்த்திய ஆளா, தெரிந்து பூசினாரா என்பதற்கு என்னிடம் சான்றில்லை. வழக்கை யோசித்து விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 20

சித்தப்பா மகன் தொலைபேசியில் அழைத்தான். அவனும் தொலைவில் ஒரு வண்டியைப் பார்த்து வைத்திருக்கிறான், படங்கள் அருமையாக இருக்கின்றனவாம். ஒரு மணி நேரம் பேசினேன். பரிசோதகர் போய்ப் பார்த்து எழுத்தில் தரும்வரை முன்பணத்துக்கு மேல் ஒரு காசும் அனுப்பாதே, அந்த அறிக்கையில் ஈர அளவு இடம்வாரியாக எண்ணில் இருக்க வேண்டும், நல்ல மழை பெய்த மறுநாள் பார்க்கச் சொல், ஃபிரிட்ஜை முந்தின இரவே போடச் சொல், எடைச்சீட்டு கேள் என்றேன். "அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால் என்ன செய்வது, அண்ணா?" என்று கேட்டான். "வாங்கட்டும்" என்றேன். மனைவி பக்கத்தில்தான் இருந்தாள்.

மே 3

திறந்த சுவருக்கு எதிரே மின்விசிறி இரவும் பகலும் ஓடுகிறது. ஈரம் இன்று 19. அது 15க்குக் கீழே இறங்கும்வரை புதுச் சட்டம் வைக்க மாட்டேன் என்று மைத்துனன் சொல்லிவிட்டான். கூரைமேல் மனைவி மரத்தகடு ஒன்றை வைத்துக்கொண்டு சிலிக்கோனைச் சுரண்டுகிறாள். இடது பக்கம் முடிந்து, பின் விளிம்பில் பாதி வந்திருக்கிறாள்.