அணுமின்: காசு போறது யூரேனியத்துக்கு இல்லை, வட்டிக்கு

பூநகரிக் காற்றாலையை விட்டிட்டு அணுஉலை கட்டினால் கரண்ட் பில் குறையும் எண்டு கதைக்கிற எங்கட வன்னிப் பொடியள் இந்தக் கணக்கையும் பாக்கோணும்.

எரிபொருளான யூரேனியம் மலிவுதான். கட்டுமானம்தான் விழுங்கும். உலை கட்டப் பத்து வருசம் எண்டால், அந்தப் பத்து வருசமும் ஒரு யூனிட்கூட விக்காமல் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில வோக்டில் 3ஆம், 4ஆம் உலைகள் 14 பில்லியன் டொலர் எண்டு தொடங்கி 30 பில்லியனைத் தாண்டி, ஏழு வருசம் பிந்தி 2023, 2024 இலதான் ஓடத் தொடங்கினது. அதுக்கும் அரசாங்கம் 12 பில்லியனுக்குக் கடன் உத்தரவாதம் நிண்டது.

பிரித்தானியாவில ஹிங்க்லி பொயின்ட் சி உலைக்கு 35 வருசத்துக்கு மெகாவாட் மணிக்கு 92.50 பவுண் (2012 விலையில) எண்டு 2016 ஒப்பந்தத்தில உறுதி குடுத்தது. சந்தை விலை அதுக்குக் கீழ போனால் வித்தியாசத்தைச் சனம் தங்கட பில்லில கட்டோணும். இதுவும் மானியம்தான்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய தடை மின்வலையமைப்பு. தனி அலகு (மின் உற்பத்தி இயந்திரம்) ஒண்டு வலையமைப்பின்ர மொத்தக் கொள்ளளவில 10 வீதத்துக்கு மேல போகாமல் இருக்கோணும் எண்டது வழமையான அளவுகோல். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின்ர அலகு ஒண்டு 300 மெகாவாட். நாட்டின்ர உச்சத் தேவையே 3,000க்குக் கிட்டத்தான். அதில 1,000 மெகாவாட் உலை திடீரெண்டு நிண்டால் மின்சாரத்தின்ர மீடிறன் (செக்கனுக்கு எத்தினை தரம் அலையுது எண்ட அளவு) 50 ஹேர்ட்ஸில இருந்து சரியும், மற்ற நிலையங்களும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு விழும், கிளிநொச்சியில இருந்து காலி வரை இருட்டு.