அப்பத்தாவின் சுங்குடியில் நாலு தலையணை உறை

எங்கள் வீட்டில் தையல் மெஷின் கிடையாது. ஊசியில் நூல் கோத்து இரண்டு பக்கம் தைத்தால் போதும், உறை தயாராகிவிடும். அதற்குக் காரணம் சேலையின் கரைதான். கரையோரம் நெசவிலேயே முடிந்திருப்பதால் நூல் பிரியாது; மடித்து அடிக்கிற வேலையே இல்லை. சேலையைக் குறுக்கே, கரையிலிருந்து கரைக்கு வெட்டினால், உறையின் வாய்க்கு வேண்டிய இரண்டு ஓரமும் தைக்காமலே கிடைத்துவிடுகின்றன.

சேலை, அப்பத்தா மதுரையில் விளக்குத்தூண் பக்கம் வாங்கிய அரக்குச் சிவப்புச் சுங்குடி. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் அவருக்குத் தெரியாது. துணியை நகத்தால் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியது இது, அச்சடித்தது இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் புரியும்: ஒரு புள்ளி போல் இன்னொன்று இருக்காது. சில புள்ளிகளின் நடுவில் கடுகளவு சிவப்பு தங்கியிருக்கும்.

வெட்ட எனக்கு மனசே வரவில்லை. அப்பத்தாதான், "வெட்டு தாயி, பெட்டிக்குள்ள கெடந்து இத்துப்போறதுக்கு நாலு பேரு கண்ணுலயாவது படட்டும்" என்றார்.

முதலில் சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கொசுவம் வரும் இடத்தில் நைந்து வலை மாதிரி இருந்தது. அதை ஒதுக்கிவிட்டேன். முந்தியைத் தொடவில்லை. மிச்சத்தில் நாலு துண்டு தேறியது.

என் தலையணை 18 அங்குலச் சதுரம், இலவம் பஞ்சு. சேலையின் அகலம் 46 அங்குலம். முன்னும் பின்னும் சுற்றி வர 36 போக, பத்து அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். பித்தான், ஜிப் எதுவும் வேண்டாம். துண்டின் மற்ற அளவு 19. இரு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு. கோடு போட்டு வெட்டினால் கோணலாகும். கரையைக் கத்தரியால் வெட்டிவிட்டு, நடுத்துணியைக் கையால் கிழித்தால் நூல் பிடித்தபடி நேராகப் போகும். எதிர்க்கரை வந்ததும் மறுபடி கத்தரி.

மடிப்பதில்தான் முதல் உறை கெட்டது. கரை வெளியே தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். திருப்பினால் நான் நினைத்த கரை உள்ளே போய்விட்டது. பிரித்துவிட்டு யோசித்த பிறகுதான் பிடிபட்டது. துணியின் நல்ல பக்கம் மேலே இருக்க விரித்து, வெளியே தெரிய வேண்டிய கரையை முதலில் மடிக்க வேண்டும். 12 அங்குலம் மடித்தேன். மற்ற முனையை 16 அங்குலம் அதன்மேல் மடித்தேன். திருப்பும்போது முதலில் மடித்தது மேலே வந்துவிடும். உறையின் முகத்தில், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, கரை ஒரு பட்டையாக ஓடும். அந்த அழகுக்காகவே இவ்வளவும்.

நூல் வாங்கப் போகும்போது துணுக்குத் துணியைக் கையோடு கொண்டுபோங்கள். மதுரைப் புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் அரக்கிலேயே பல சாயல் காட்டுவார்கள். நினைவை நம்பி எடுத்தால் ஒத்துவராது.

இரண்டு பக்கமும் சாதாரண ஓட்டுத்தையல்தான் போட்டேன். ஆனால் துணி மூன்று அடுக்காகச் சேரும் இடத்தில், அதுவும் கரை முடிகிற அந்த ஒரு அங்குலத்தில், தலையணையைத் திணிக்கும்போது தையல் விட்டுவிட்டது. அங்கே மட்டும் பின்தையல், இரண்டு தரம். அதற்குப் பிறகு அசையவில்லை. அப்புறம் இன்னொன்று: பழைய சேலை மெலிசு, தலையணையின் கோடு போட்ட மெத்தைத்துணி அப்படியே தெரியும். உள்ளே வெள்ளைக் காடாத்துணி உறை ஒன்று போட்ட பிறகுதான் சிவப்பு எடுத்துக் கொடுத்தது.

ஒரு உறைக்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. மூன்று சோபாவில் இருக்கின்றன. நாலாவதை அப்பத்தா நாற்காலியில் முதுகுக்கு வைத்துக்கொண்டார், கரை தெரியும் பக்கம் வெளியே பார்க்க.