பாய்மரப் படகு முகாம்: முதல் வாரம்
பிள்ளைகளை ஆப்டிமிஸ்ட் படகில் ஏற்றப்போகும் பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் சில விஷயங்கள். 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ, ஒரே பாய். பொம்மை மாதிரி இருக்கும், ஆனால் சோம்பேறித்தனத்தை மன்னிக்காது.

கவிழ்ந்து நிமிர்வதை முதல் நாளே, கரையோரம் பழக்குங்கள். அந்தப் பயம் போனால்தான் மற்றது மண்டையில் ஏறும். கவிழ்ந்ததும் படகை விட்டு நீந்தக் கூடாது. பாயை இழுத்துப் பிடிக்கும் பாய்க்கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடிப்பக்கம் போய் நடுப்பலகையின் (படகின் நடுவே அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை) மேல் ஏற வேண்டும், படகின் உடலை ஒட்டி. நுனியில் நின்றால் பலகை முறியலாம். நிமிர்ந்த படகு நிறையத் தண்ணீரோடுதான் வரும். அள்ளும் வாளியைக் கட்டி வைக்காவிட்டால் அது எப்போதோ மிதந்து போயிருக்கும்!

கிளம்பும் முன் தண்ணீர் புகுந்தாலும் படகை மிதக்க வைக்கும் மூன்று காற்றுப் பைகளையும் அழுத்திப் பாருங்கள். பாய்மரத்துக்கும் நடுப்பலகைக்கும் பாதுகாப்புக் கயிறு கட்டாயம். தலைகீழாகக் கவிழ்ந்தால் இரண்டும் நழுவி வெளியே வந்துவிடும்.

பாயில், மரத்தின் உச்சியிலிருந்து பின்பக்கக் கீழ்மூலைக்குச் சுருக்கம் ஓடினால் ஸ்பிரிட் கம்பை (பாயின் மேல்மூலையைத் தூக்கிப் பிடிக்கும் சாய்வுக் கம்பு) இறுக்குங்கள். பின்பக்க மேல்மூலையிலிருந்து மரத்தின் அடிக்கு ஓடினால் தளர்த்துங்கள்.

இரண்டாம் நாள் எல்லாப் பிள்ளையும் மாட்டுவது ஒரே இடம்தான்: மூக்கு நேரே காற்றைப் பார்க்க, பாய் படபடக்க, படகு அசையாது. ஓட்டமில்லாமல் சுக்கானுக்கு வேலையில்லை. பூமை (பாயின் அடியோரக் கம்பு) வெளியே தள்ளி, சுக்கான் பிடியையும் அதே பக்கம் தள்ளச் சொல்லுங்கள். படகு பின்னால் நகர்ந்து திரும்பும். திரும்பியதும் இரண்டையும் இழுத்தால் கிளம்பிவிடும்.