தாயீ ஓர், பாயீ ஓர்

திங்கட்கிழமை லீவு போட்டதுதான் நான் செய்த முதல் தப்பு. ஞாயிற்றுக்கிழமை பாதி டெல்லி செங்கோட்டை வாசலில்தான் நிற்கும். அந்தக் கூட்டத்தில் பெரியப்பாவைத் தொலைத்துவிட்டுத் திருநெல்வேலிக்கு யார் பதில் சொல்வது? "எல்லாம் திறந்திருக்குமான்னு ஒரு வார்த்தை பாத்துக்கிடுங்க" என்றாள் வீட்டம்மா. "இருபது வருஷமா இந்த ஊர்ல குப்பை கொட்டுதேன், எனக்குத் தெரியாதா?" என்றேன். இதை அவள் இனி என் எழவுக்கு வருகிறவர்களிடமும் சொல்லிக் காட்டுவாள்.

பெரியம்மா காரியம் முடிந்து பெரியப்பா ஊரைத் தாண்டுவதே இப்போதுதான். அதனால் ஒரே நாளில் டெல்லியை மெட்ரோவிலேயே சுற்றிக் காட்டிவிடுவது என்று நான் கங்கணம் கட்டியிருந்தேன்.

மயூர் விஹார் ஸ்டேஷனிலேயே ஆரம்பித்தது. மஞ்சப்பையை எக்ஸ்ரே பெட்டிக்குள் விட்டதும் காவலர் கையைத் தூக்கினார். பையைக் கவிழ்த்தால் ஒரு துண்டு, திருநீற்றுப் பொட்டலம், மூன்று வாழைப்பழம், ஒரு பாக்குவெட்டி. பித்தளைப் பிடி, நுனியில் கிளி மூக்கு, கைபட்டுக் கைபட்டு மழமழவென்று ஆனது. பெரியப்பா வாயில் மிச்சமிருப்பது நாலு பல்.

"இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீக?"

"இருக்கட்டும்ல."

இருபது வருஷத்தில் பாக்குவெட்டிக்கு ஹிந்தியில் என்ன பெயர் என்று கேட்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்க்கவில்லை. "சுபாரி... சுபாரி..." என்று சொல்லிக் கையால் வெட்டிக் காட்டினேன். சுபாரி என்றால் பாக்கு. சுபாரி கொடுப்பது என்றால் ஆளை முடிக்கக் காசு கொடுப்பது. இரண்டையும் சேர்த்து, மடித்துக் கட்டின வேட்டியோடு ஒரு பெரியவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, காலை ஒன்பதரை மணிக்கு நடித்துக் காட்டினால் என்ன ஆகும்? பின்னால் வரிசை முணுமுணுத்தது. மேலதிகாரி வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரே, சரோத்தா!" என்று சிரித்தார். அவர் பாட்டியிடமும் ஒன்று இருந்ததாம்.

"என்னல சொல்லுதான்?"

"இதுக்குப் பேரு சரோத்தாவாம்."

"சரோத்தா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. அப்போதுதான் அறிவிப்புக் குரல்: "தர்வாஸே தாயீ ஓர் குலேங்கே."

"ஏல, தாயி தாயிங்குதாளே, யாரைக் கூப்பிடுதா?"

வலது பக்கக் கதவு திறக்குமாம் என்று விளக்கினேன். அதற்குள் இன்னொரு ஸ்டேஷனில் "பாயீ ஓர்" வந்துவிட்டது. "ஒரு எடத்துல தாயி, ஒரு எடத்துல பாயி. மேலப்பாளையம் பஸ்சு மாதிரில்லா இருக்கு" என்றார். "சாவ்தானி சே உத்ரே" என்றதும் இன்னும் குஷியாகிவிட்டார். "சாவதானமா எறங்கச் சொல்லுதா, எவன் கேக்கான்? முட்டித் தள்ளிட்டுல்லா ஓடுதானுவ!"

"சாவ்தானின்னா ஜாக்கிரதை பெரியப்பா. சாவதானம் வேற."

"சாவதானமா எறங்குறவனுக்கு எதுக்குல ஜாக்கிரதை?"

பதில் இல்லை என்னிடம்.

மண்டி ஹவுஸில் வண்டி மாறி, லால் கிலா ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் நடந்து போனால் செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. "ஆகஸ்டு 15-க்கு டிவியில காட்டுத கோட்டைதானல இது? வருசத்துக்கு ஒருநாதான் தெறப்பானோ?" அவசரமாக போனைத் தட்டினேன். அக்ஷர்தாமுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. இத்தோடு தட்டுவதை நிறுத்தியது என் இரண்டாவது தப்பு. பதினாலு ஸ்டேஷன் தாண்டிக் கால்காஜி மந்திரில் இறங்கித் தாமரைக் கோயிலுக்குப் போனோம். அதுவும் அடைப்பு. 1986-ல் திறந்த கோயில், 27 பளிங்கு இதழ் என்று கம்பிக்கு வெளியே நின்றபடி கைடு வேலை பார்த்தேன். பெரியப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"தாமரை பொழுது சாஞ்சாத்தாம்ல கூம்பும். இது திங்கக்கிழம கூம்புது."

கால்காஜியில் இரண்டாவது, இல்லை, மூன்றாவது பாக்குவெட்டி விசாரணை. இந்த முறை "சரோத்தா" என்று நான் முந்திக்கொண்டேன். ஹௌஸ் காஸில் மஞ்சள் பாதைக்கு மாற வேண்டும். அந்த ஸ்டேஷன் 29 மீட்டர் ஆழம். எஸ்கலேட்டர், அது முடிந்தால் இன்னொரு எஸ்கலேட்டர். "கெணறு வெட்டிருப்பான். தண்ணி வரல, ஸ்டேசன் ஆக்கிட்டான்" என்றார்.

குதுப் மினார் தினமும் திறந்திருக்கும், பிழைத்தேன். ஆனால் அந்தப் பெயருள்ள ஸ்டேஷனில் மினார் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆட்டோக்காரன் பெரியப்பாவின் வேட்டியைப் பார்த்துக் கேட்ட தொகையை இங்கே எழுதினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

பெரியப்பா மினாரை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. 1979-ல் பெரியம்மாவோடு முதல் மாடி வரை ஏறியாயிற்றாம். 1981 டிசம்பரில் நடந்த நெரிசல் சாவுகளுக்குப் பிறகு யாரையும் ஏற விடுவதில்லை. நேரே இரும்புத் தூணுக்கு நடந்தார். நாற்பது வருஷம் இரும்புக்கடை நடத்தியவர் அல்லவா? "ஐப்பசியில எறக்குன கம்பி கார்த்திகையில துரு ஏறிரும். இது 1,600 வருசமா மழையில நிக்கி." இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதுதான் மேலே ஒரு படலமாகப் படிந்து காக்கிறது என்றேன். காதில் வாங்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூணின் இடுப்பையே பார்த்தார். அந்த உயரத்தில் மட்டும், ஜனங்கள் கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்து, இரும்பு வழவழத்திருக்கும். முதுகைச் சாய்த்து நின்று கையைப் பின்னால் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. 1997-ல் வேலி போட்டுவிட்டார்கள்.

"எனக்கு எட்டலல. ஒரு சாண் கொறஞ்சிது. ஒங்க பெரியம்மா பின்னால போயி, ரெண்டு கையையும் வெடுக்குன்னு இழுத்துக் கோத்துவிட்டா. தோப்பட்ட ஒரு வாரம் வலிச்சிது."

"என்ன நெனச்சீக?"

"அவ கைய விடட்டும்னுதான் நெனச்சேன், வலி தாங்கல."

திரும்பும்போது நாலாவது விசாரணை. புதுக் காவலர், சின்னப் பையன். பெரியப்பா என்னைத் தள்ளிவிட்டு, "சரோத்தா" என்றார். "ஆப்கா?" என்று கேட்டான் பையன். எப்படிப் புரிந்ததோ, தலையை ஆட்டி, "எம் பொண்டாட்டியோடது" என்றார். பையன் என்னைப் பார்த்தான். மொழிபெயர்த்தேன். அப்படியானால் அந்த அம்மா பெண்கள் வரிசையில் அல்லவா கொண்டுவர வேண்டும், எங்கே அவர் என்று எட்டிப் பார்த்தான்.

"என்னல சொல்லுதான்?"

"பெரியம்மாவை அந்த வரிசையில வரச் சொல்லுதான்."

பெரியப்பா திரும்பி, பெண்கள் வரிசையைக் கடைசி ஆள் வரைக்கும் பார்த்தார். பிறகு பாக்குவெட்டியைப் பையனின் கையிலிருந்து வாங்கி, துண்டில் சுற்றி மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவ சாவதானமாத்தாம்ல வருவா" என்றார்.